மகளுக்குத் தண்ணீர் பயம் போக ஒரு வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். கோபி பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் நான் நீச்சல் பழகினேன். முதுகில் சுரைப்புருடையை, அதாவது மிதக்க உதவும் காய்ந்த சுரைக்காய்க் கூட்டைக் கட்டி அப்பா இறக்கிவிடுவார். கயிற்றின் மறுமுனை படியில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா கையில் இருக்கும். பயமே தெரியாது.

என் மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. போன கோடையில் மகளை ஒரு நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். மூன்றாம் நாளே ஆழத்தில் தள்ளிவிட்டார்கள். "தானா வந்துரும்" என்றார்களாம். அன்றிலிருந்து தலையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாலே என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, நானே சொல்லித்தரலாம் என்று தோட்டத்துத் தொட்டியில் ஆரம்பித்திருக்கிறேன். அவளுக்கு இடுப்பளவுதான் தண்ணீர். வாயால் குமிழி விடுகிறாள். நேற்று மூக்கு வரை நனைத்தாள்! ஆனால் மல்லாக்க மிதக்கவைத்தால், காதில் தண்ணீர் பட்டதும் உடம்பு விறைத்துப்போகிறது. இதை எப்படிப் பழக்கினீர்கள்?

மகனுக்குக் கையில் மாட்டும் காற்றுப் பை வாங்கினேன். அது உடம்பை நிமிர்த்தியே வைக்கிறது, படுத்துக் காலடிக்க வரவில்லை. சுரைப்புருடையே தேவலையா? இப்போது எங்கே கிடைக்கும்?

முழுகும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. அதனால் கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்கிறேன், போனைத் தொடுவதில்லை. அப்புறம், கிணற்றில் எப்போது இறக்கலாம்? மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்குவோம். பிள்ளைகளைப் பழக்கியவர்கள் சொல்லுங்கள்.