ஒரு ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர்

ஏற்காட்டில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் அராபிகா காபி. மார்ச், ஏப்ரலில் ஒரு இஞ்ச் மழை விழுந்தால் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும். பூ மழை என்போம். அப்பா காலத்தில் பங்குனி உத்திரத்துக்கு முன்னே பின்னே வந்துவிடுமாம். இப்போது மாசியிலேயே நாலு துளி தூறிவிட்டு ஓடிவிடுகிறது. வராத மழையைவிட இந்தத் தூறல் மோசம். மொட்டு பாதி விழித்து, மேற்கொண்டு ஈரம் கிடைக்காமல் கருகிவிடும்.

ஸ்பிரிங்க்ளர் வாடகைக்கு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கருக்கு ஒரு இஞ்ச் என்றால் சுமார் ஒரு லட்சம் லிட்டர்! எங்கள் போர் ஒரு மணி நேரம் ஓடினாலே காற்றுதான் வரும். பாறை இடுக்கில் கசியும் தண்ணீர்தானே.

சரி என்று பள்ளத்தில் ஒரு குட்டை வெட்டி, அடியில் ஷீட் விரித்தோம். மேலே செடி வரிசைகளுக்கு நடுவே, சரிவுக்குக் குறுக்காகக் குழிகள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்த அந்த நாட்களில் குழிகள் நிரம்பி, ஒன்றை ஒன்று உடைத்துக்கொண்டு குட்டைக்குள் இறங்கின. பாதி ஆழம் செம்மண். வழிகிற தண்ணீர் போக இடம் விடாதது என் தப்பு. அப்புறம்தான் ஒவ்வொரு குழிக்கும் கல் பதித்து வழிவிட்டேன், குட்டைக்கு முன்னால் வண்டல் தங்க ஒரு தொட்டியும் கட்டினேன். அடுத்த பங்குனிக்குள் கொஞ்சத்தை வெயில் குடித்துவிட்டது. மீதியில் அரை ஏக்கர் நனைந்தது. பூத்ததும் அந்த அரை ஏக்கர்தான்.

மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு பதில்:
உங்கள் செம்மண் எங்கள் மூக்கனேரிக்குத்தான் வருகிறது, அண்ணா! 2010ல் தூர் வாரியபோது அந்த வண்டலையே ஏரிக்குள் திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். என் வீட்டுக் கதை வேறு. 2003ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றதும் தோண்டிய குழியைப் போன வருஷம்தான் திறந்தேன். ஜல்லிக்கு மேல் முக்கால் அடி சேறு, அதில் புதைந்து ஒரு ரப்பர் பந்து. அதைத் தொலைத்துவிட்டு அழுத பையன் இப்போது வேலைக்குப் போகிறான். உங்கள் வண்டல் தொட்டியை எப்போது அள்ளுவீர்கள்?

ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை, ஒவ்வொரு பெரிய மழைக்கும் அப்புறம் ஒரு தடவை. அள்ளிய மண் திரும்பச் செடிக்கே போகிறது தம்பி, உங்கள் ஏரிக்கு இனிமேல் கொஞ்சம் குறைச்சலாகத்தான் வரும்.