“லைடன் தீவு” என்பது எந்தத் தீவு?

சரவணைப் பேத்தி:
வணக்கம். அம்மப்பாவின் பழைய காணி உறுதியில் ஊர் சரவணை என்றும், அதன் கீழே ஆங்கிலத்தில் லைடன் தீவு என்றும் இருக்கிறது. வரைபடத்தில் லைடனைக் காணவில்லை, டெல்ப்ட் என்று ஒன்றுதான் கிடைத்தது. இரண்டும் ஒரே தீவா? நான் கனடாவில் பிறந்தவள், ஊர் பார்த்ததில்லை. டிசம்பரில் போகிறோம்.

பண்ணைப்பாலம்:
இல்லைத் தங்கச்சி. லைடன் என்றால் வேலணைத் தீவு. ஊர்காவற்றுறை, சரவணை, வேலணை, அல்லைப்பிட்டி எல்லாம் அதற்குள்தான். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினால் பண்ணைப் பாலத்தால் நேரே போகலாம், படகே வேண்டாம்.

நெடுந்தீவான்:
டெல்ப்ட் எங்கள் நெடுந்தீவு பிள்ளை. தீவகத்தில் ஆகத் தள்ளி, தென்மேற்கே கடலுக்குள் கிடக்கிறது. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு மணித்தியாலம் அளவில் படகில் வரவேண்டும்.

1658இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அப்புறம் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம், புங்குடுதீவு மிடல்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், வேலணை லைடன். இதில் அம்ஸ்டர்டாம், மிடல்பர்க், ரொட்டர்டாம், டெல்ப்ட் நான்கும் அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கிளைச் சபை இருந்த நகரங்கள். கப்பலுக்கு முதலீடு போட்ட ஊர்களை எங்கள் கடலில் எழுதிவிட்டுப் போனார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர்களுக்கு முன்னே போர்த்துக்கேயர் நெடுந்தீவைப் பசுத்தீவு என்று தங்கள் மொழியில் எழுதினார்கள். அதில் எங்கள் மேய்ச்சல் தரையாவது தெரிகிறது.

மற்றப் பெயர்களெல்லாம் பழைய வரைபடத்தோடும் உறுதியோடும் நின்றுவிட்டன. டெல்ப்ட் மட்டும் இன்றைக்கும் ஆங்கிலத்தில் பிரதேச செயலகத்தின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் குறிகட்டுவானில் நின்று டெல்ப்ட் படகு எது என்று கேட்கிற ஊர்க்காரர் ஒருவரையும் நான் கண்டதில்லை. என் அப்பு அதைக் “கச்சேரிக் கடதாசிப் பெயர்” என்பார், அரசாங்கக் கந்தோர்க் கடதாசியில் மட்டும் உள்ள பெயர் என்று.

வந்தால் வேலிகளைக் கிட்ட நின்று பாருங்கள். முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக, நெஞ்சளவுக்கு அடுக்கியிருப்பார்கள். கல்லில் பவளத்தின் கண்கள் அப்படியே தெரியும். கோட்டை இடிபாடும் அதே கல்தான். குதிரைகள் வெளியில் தன்பாட்டில் மேயும், பெருக்கமரமும் (பாவோபாப்) இருக்கிறது.

காரைநகர்ப் பிள்ளை:
ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊர் இப்போது காரைநகர். கிழக்கிலங்கையிலும் ஒரு காரைதீவு இருப்பதால் குழப்பம் வரக்கூடாது என்று பெயரை மாற்றினார்கள். அந்தப் பெயரை ஊர் உடனே எடுத்துக்கொண்டது. அம்ஸ்டர்டாமை ஒருநாளும் எடுக்கவில்லை.

சரவணைப் பேத்தி:
எல்லோருக்கும் நன்றி! சரவணையோடு நெடுந்தீவும் பார்க்கலாமா?

நெடுந்தீவான்:
கட்டாயம் வாருங்கள். டிசம்பர் வாடைக்காற்றும் மழையும் உள்ள காலம், கடல் பொங்கினால் படகு விடமாட்டார்கள். அதனால் நெடுந்தீவைப் பயணத்தின் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முதல்நாளே குறிகட்டுவானில் விசாரித்து, காலைப் படகில் வாருங்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், வெளியில் நிழல் குறைவு.