புதுப்பிப்பு: திருகோணமலைப் பாறைக்கரைக்குப் பிள்ளைகளோடு போறவைக்கு

முன்பு போட்ட பதிவில் "கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கோ, றப்பர் செருப்பு போதும்" என்று எழுதியிருந்தேன். இரண்டையும் திருத்த வேண்டும்.

இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆபத்து அலையில்தான். இறங்க முதல் 15 நிமிடம் நின்று, பெரிய அலை எவ்வளவு உயரம் நனைக்குது என்று பாருங்கோ. பிள்ளைகள் அந்த ஈரக்கோட்டுக்கு மேலேயே நிற்கட்டும். வாடைக்காற்றுக் காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, பாறைப்பக்கமே வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை நல்லது, அதுவும் காலையில்.

பச்சைப் பாசியில் றப்பர் செருப்பு சறுக்கும், கழன்றும் போகும். குதிக்கால் மூடிய பழைய கன்வஸ் சப்பாத்துப் போடுங்கோ.

பாறை இடுக்கில் கை விடக்கூடாது. கடல் முள்ளெலியின் முள் குத்தினால் உள்ளேயே முறியும். பிதுக்காதேங்கோ, அது இன்னும் நொறுங்கும். தெரியிற துண்டைச் சாவணத்தால் எடுத்து, தாங்கக்கூடிய சூட்டு நீரில் 30 நிமிடமாவது ஊறவையுங்கோ. மூட்டில் ஏறியிருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கோ. கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு வடிவாயிருந்தாலும் தொடவேண்டாம், உயிரோடிருந்தால் நஞ்சு ஏற்றும்.

நிலாவெளிக் கரைக்கு அப்பால் இருக்கிற புறாத்தீவு ஒரு தேசியப் பூங்கா. அங்கே முருகைக்கல்லில் (பவளப்பாறையில்) ஏறி நிற்கவோ, உடைந்த துண்டைக்கூட எடுத்துவரவோ பிள்ளைகளை விடாதேங்கோ.