குறை தெரிந்தும் யாரும் வாய் திறப்பதில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: கோவையில் பம்ப் அசெம்பிளி லைன் சூப்பர்வைசர் நான். குறை கண்ணில் பட்டாலும் பசங்க சொல்வதில்லை, கடைசி டெஸ்டிங்கில்தான் மாட்டுகிறது. எப்படிப் பேச வைப்பது?

பதில் 1: டொயோட்டா ஆலைகளில் 'ஆண்டான்' (andon) என்று ஒரு எச்சரிக்கைக் கயிறு உண்டுங்க, குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம், டீம் லீடர் உடனே ஓடி வருவார், அங்கேயே சரியாகிவிட்டால் லைன் நிற்காமலே போகும். 1984இல் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து கலிபோர்னியாவில் தொடங்கிய நம்மி ஆலையில், அங்கே முன்பு இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையின் பழைய தொழிலாளர்கள் பலரை வைத்தே இதைப் பழக்கினார்கள்.

பதில் 2: கயிறு மட்டும் போதாது. இழுத்தவரிடம் "யார் பண்ணது?" என்று கேட்டால் அடுத்த முறை இழுக்கவே மாட்டார். முதலில் நன்றி சொல்லுங்கள், அப்புறம் குறை எங்கிருந்து வந்தது என்று அவரோடு நின்று பாருங்கள்.

கேட்டவர்: சரிங்க. ஒரு லீடருக்கு எத்தனை பேர் வைக்கலாம்?

பதில் 1: அங்கே பொதுவாக ஐந்தாறு பேர்தான். முப்பது பேருக்கு ஒருவர் என்றால் ஓடி வரவே முடியாது.