ஓகஸ்ட் விடுமுறை இலவச வகுப்பு: வினாத்தாளா, வாசிப்பா?

குளக்கட்டு (கிளிநொச்சி):
எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், கூலிவேலைக் குடும்பங்களைச் சேர்ந்த நான்காம் தரப் பிள்ளைகளுக்கு இந்த ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று வாரம் இலவச வகுப்பு நடத்தவிருக்கிறோம். அடுத்த ஆண்டு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் என்பதால், மாதிரி வினாத்தாள்களையே செய்விக்கவேண்டும் என்பது என் கருத்து. பட்டணத்துப் பிள்ளை மாதா மாதம் காசு கட்டி ரியூசனில் இதைத்தானே செய்கிறது? சித்தியடைந்தால் உதவிப்பணமும் பெயர்பெற்ற பாடசாலையில் இடமும் கிடைக்க வழியுண்டு. கூலிக்காரர் வீட்டுக்கு அது சின்ன விடயமல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியை (முல்லைத்தீவு):
தம்பி, உங்கள் நோக்கத்தில் குறை சொல்லமாட்டேன். ஆனால் போன விடுமுறையில் நான் படிப்பித்த இலவச வகுப்பில் ஒரு பிள்ளை, விரல் வைத்து ‘ம, ழை’ என்று எழுத்தெழுத்தாகச் சரியாகச் சொல்லிவிட்டு, முழுச் சொல் என்ன என்று கேட்டதும் பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்துக் ‘குடை’ என்றது. அந்தப் பிள்ளையிடம் வினாத்தாளைக் கொடுத்தால், கேள்வியை வாசிக்காமலே ஏதோ ஒரு விடையின் கீழ்க் கோடு போடத்தான் பழகும்.

குளக்கட்டு:
ரீச்சர், வாசிக்கப் பழக்குவது பாடசாலையின் வேலை. நான்கு ஆண்டுகளில் நடக்காததை மூன்று வாரத்தில் நாங்கள் எப்படி முடிப்பது? அமெரிக்காவில் ஐந்து நகரங்களில், 2013 கோடையில், மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு நடந்த இலவச வகுப்புகளை ரான்ட் (RAND) என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஆராய்ந்தது. ஐந்து வாரத்துக்குக் குறையாத வகுப்புகள் அவை. அப்படியிருந்தும் முதற்கோடையில் 20 நாட்களோ அதற்கு மேலோ வந்தவர்களிடம் கணிதத்தில்தான் பலன் தெரிந்தது. எங்களிடம் இருப்பதோ அதிலும் குறைந்த நாட்கள்.

பாலைப்பழம் (ஒட்டுசுட்டான்):
அங்கே சாப்பாடும் போக்குவரத்தும் வகுப்போடு சேர்த்தே கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியிருக்கலாமே, ஐயா. நான் கூலிக்குப் போகும் தாய். சிறுபோக அறுவடைக் காலத்தில் விடியமுன் வயலுக்குப் போனால், கடைசி மகனை மூத்தவள்தான் பார்க்கவேண்டும். பாடசாலையில் கிடைக்கிற சத்துணவும் விடுமுறையில் இல்லை. போன வருடம் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இப்படியொரு வகுப்புக்குப் போனவளை, ‘இது முன்பள்ளி இல்லை’ என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். மறுநாள் போகச் சொன்னேன். கொப்பியை வெளியில் எடுக்கவே இல்லை. காசு வாங்காவிட்டால் இலவசம் என்று நினைக்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
இதை நானும் யோசிக்கவில்லை, பிள்ளை. வராதவர்களின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு கீறினேனே தவிர, ஏன் வரவில்லை என்று ஒரு வீட்டுக்கும் போய்க் கேட்கவில்லை. தம்பிக்கு இன்னொன்று: அதே ஆய்வில், இரண்டாம் கோடையும் ஒழுங்காக வந்த பிள்ளைகள் மொழிப் பாடத்திலும் முன்னுக்கு வந்தார்கள். டிசெம்பரிலும் ஏப்ரலிலும் நீங்கள் வகுப்பைத் தொடருவதானால், மூன்று வாரக் கணக்கு ஏன்?

குளக்கட்டு:
டிசெம்பருக்கு இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது. படிப்பிக்கும் பெடியள் பல்கலைக்கழகம் திரும்பிவிடுவார்கள். வினாத்தாளையும் நான் முற்றாக விடப்போவதில்லை. ஆனால் காலையில் முதல் ஒரு மணித்தியாலம் வாசிப்புக்கு ஒதுக்கலாம், அதை ரீச்சர் வந்து பழக்கித் தரவேண்டும். கஞ்சிக்கு அரிசியை ஊரில் சேர்க்கலாம். நிலையத்தில் இரண்டு பாய் கிடக்கிறது. அக்கா, உங்கள் ஊரில் நடத்துபவர்களிடமும் இதைச் சொல்கிறேன். மகள் தம்பியோடு வரட்டும்.

பாலைப்பழம்:
எத்தனை மணிக்குத் தொடங்குவார்கள் என்றும் கேட்டுச் சொல்லுங்கள். ஆறு மணிக்கு உழவு இயந்திரம் எங்களை ஏற்றிக்கொண்டு போய்விடும்.