மிளகாய்ச் செடியை வாடவிட்டு வளர்க்கலாமா?

செந்தூல் மாடிவாசி: "தினமும் தண்ணி ஊத்திச் செடியைக் கெடுக்காதீங்க, வாடவிட்டா காரம் ஏறும், வேர் ஆழமாப் போகும்"னு போன வாரம் இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். அதான் சரின்னு படுது. நாத்து நடுறதுக்கு முன்ன தண்ணியைக் குறைச்சுக் கெட்டிப்படுத்துறது தாத்தா காலத்துப் பழக்கம். என் சில்லி பாடி மிளகாய்க்கும் அதையே செய்யறேன்.

கெப்போங் கத்தரிக்கா: நாத்தைக் கெட்டிப்படுத்துறது வேற, பூக்கிற செடியைக் காயப்போடுறது வேற. முதல்ல, தொட்டியில வேர் எங்க ஆழமாப் போகும்? அடியில முட்டிச் சுத்திக்கிட்டே கிடக்கும். மண்ணு காஞ்சா செடிக்குள்ள அப்சிசிக் அமிலம்ங்கிற ஹார்மோன் ஏறி இலைத்துளை மூடிக்கும். தண்ணி மிச்சம்தான், ஆனா கரியமில வாயுவும் உள்ள வராது, அப்புறம் எதை வச்சு மாவுச்சத்து செய்யும்? ஆவி போகாததால இலையும் சூடேறும். கோலாலம்பூர் மதியம் 33 டிகிரி சாதாரணம், சிமெண்டு மாடியில இன்னும் மேல. மொட்டும் பூவும்தான் முதல்ல கொட்டும்.

செந்தூல் மாடிவாசி: காரம்?

கெப்போங் கத்தரிக்கா: சில ரகத்துல ஏறும், சிலதுல ஏறாது. ஏறினாலும் காய் சிறுத்துப்போகும், எண்ணிக்கையும் குறையும்.

பாலிக் புலாவ் தோட்டம்: பிரதர், ஒரேயடியா அப்படிச் சொல்லாதீங்க. எங்க பினாங்குல டுரியான் மரம் கொஞ்ச காலம் மண்ணு நல்லா காயாம பூக்கவே பூக்காது. மழை விடாம பேஞ்ச வருசம் வெறும் இலைதான்.

கெப்போங் கத்தரிக்கா: ஒத்துக்கறேன், அது பூவைத் தூண்டுற வறட்சி. அதே மரம் பிஞ்சு பிடிக்கிறப்ப காஞ்சா விட்டுருவீங்களா?

பாலிக் புலாவ் தோட்டம்: அப்ப தண்ணி பாய்ச்சுவோம் லா. அதுக்காக வறட்சியே கெடுதல்னு ஆயிடாது.

செந்தூல் மாடிவாசி: அது இருக்கட்டும். நேத்து சாயங்காலம் கொட்டோ கொட்டுன்னு மழை. இன்னிக்கு மண்ணு சொதசொதன்னு இருக்கு, இலை மட்டும் தொங்குது. இதுக்கு என்ன சொல்றீங்க?

கெப்போங் கத்தரிக்கா: இன்னும் ஊத்திடாதீங்க! மண்ணுல தண்ணி நிறைஞ்சா வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, மூச்சு முட்டின வேரால தண்ணியை இழுக்க முடியாது. பார்வைக்கு வறட்சி மாதிரியே தொங்கும். தொட்டியைச் சாய்ச்சு அடி ஓட்டையில குச்சி விடுங்க, அடைச்சிருக்கும். வேரை லேசாக் கிளறிப் பாருங்க. வெள்ளையா இருந்தா பிழைக்கும். பழுப்பாகி, கிள்ளினா தோல் உருவி வந்தா அழுகல்.

பட்டர்வொர்த் அக்கா: நெல்லு மட்டும் தண்ணியில எப்படி நிக்குதுன்னா, தண்டுக்குள்ள காத்துப்போக்கு வேர் வரைக்கும் இருக்கு தம்பி. அதுவும் முழுசா முங்கினா திண்டாட்டம்தான். காத்தைப் பிடிக்க நீளமா வளர்ந்து, சேமிச்ச சர்க்கரையைத் தீர்த்துட்டுச் செத்துப்போகும். ஒடிசாவோட எஃப்ஆர்13ஏ ரகம் மட்டும் வளர்ச்சியை நிறுத்தி அடங்கிக் கிடக்கும், தண்ணி வடிஞ்சதும் துளிர்க்கும். அதுக்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006ல அடையாளம் கண்டாங்க. அதைச் சேர்த்த ரகங்க ரெண்டு வாரம் வரைக்கும் முங்கிக் கிடந்து தாங்குது.

செந்தூல் மாடிவாசி: பார்த்தீங்களா, கஷ்டம் கொடுத்தாத்தான் தாங்குது!

கெப்போங் கத்தரிக்கா: அது பிறவியிலேயே இருக்கிற குணம், நீங்க கொடுத்த கஷ்டத்துல வந்ததில்ல. அடங்கிக் கிடக்கிற நாள்ல அது கதிர் விடாது அண்ணே.

செந்தூல் மாடிவாசி: என்ன சொன்னாலும் நாத்துக்குத் தண்ணியைக் குறைக்கத்தான் போறேன்.

கெப்போங் கத்தரிக்கா: நாத்துக்குத்தானே, தாராளமா. பூ கொட்டினா மட்டும் "எந்த உரம் போடலாம்"னு இங்க வந்து கேட்காதீங்க லா.