பழைய இரும்பு ஆலையும் வாவித் தண்ணீரும்: கூட்டத்துக்கு முன் ஒரு வாக்குவாதம்

வாவிக்கரையான்:
படுவான்கரைப் பக்கம், மட்டக்களப்பு வாவியை ஒட்டி, பழைய இரும்பை உருக்கிக் கோண இரும்பாக உருட்டி நாகம் (துத்தநாகம்) பூசி விற்கும் ஆலை ஒன்று வரப்போகிறதாம். அடுத்த வாரம் ஊர்க் கூட்டம். எனக்கு வேலைவாய்ப்பின் மேல் கோபமில்லை. கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டேன். "சுத்திகரித்துத்தான் விடுவோம்" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உருக்குப் பட்டறை:
வளைகுடாவில் 11 ஆண்டுகள் இரும்பு உருட்டும் ஆலையில் நின்றவன் நான். உருக்கு என்றதும் கறுப்பு ஆறு ஓடும் என்று பயப்படாதீர்கள். நிலக்கரியைச் சுட்டுக் கற்கரி ஆக்கும் இடத்தில்தான் பீனோலும் சயனைட்டும் அமோனியாவும் தண்ணீரில் கலக்கும். பழைய இரும்பை மின் உலையில் உருக்குவதில் அந்த வேலையே இல்லை. உருட்டும்போது குளிர வைக்கும் தண்ணீரில் இரும்புச் செதிலும் எண்ணெயும் சேரும். தொட்டியில் விட்டால் செதில் அடியில் தங்கும், எண்ணெய் மிதக்கும். வழித்து எடுத்துவிட்டு அதே தண்ணீரைத் திரும்பச் சுற்றவிடுவோம். உலக உருக்குச் சங்கத்தின் கணக்கில் 1 தொன் உருக்குக்குச் சராசரியாக ஏறத்தாழ 28 கன மீற்றர் தண்ணீர் எடுக்கிறார்கள். அதில் பெரும்பகுதியைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள்.

வட்டைக்காரன்:
எங்கே விடுகிறார்கள் தம்பி? என் வயல் வாய்க்காலிலா? 2019 இல் பிரேசிலின் புருமாடீனோவில் இரும்புத்தாதுச் சேற்றைத் தேக்கிய அணை உடைந்து 270 பேர் செத்தார்கள். அந்த அணை உறுதியானது என்று சில மாதங்களுக்கு முன்தான் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். கடதாசியை நம்பி வேளாண்மை செய்ய முடியாது.

உருக்குப் பட்டறை:
அண்ணன், அது சுரங்கம். இங்கே தாதும் இல்லை, அணையும் இல்லை. தோண்டுவதைப் பற்றிப் பேசுவதென்றால் முந்தனை ஆற்று மணலைப் பேசுவோம். படுகை தாழ்ந்தால் பக்கத்துக் கிணறும் தாழும், கடலோரத்தில் உப்புத்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும். அதைச் செய்வது வெளியூர் முதலாளி மட்டும்தானா?

வட்டைக்காரன்:
மணலுக்கும் நான் எதிரிதான். என் அண்ணன் மகனின் டிப்பரும் அங்கே ஓடுகிறது. வீட்டில் வாய் திறக்க முடியாததால்தான் இங்கே வந்து எழுதுகிறேன். அதற்காக ஆலை நல்லதாகிவிடுமா?

கல்முனை ரீச்சர்:
இரண்டு பேரும் அமிலத்தை மறந்துவிட்டீர்கள். நாகம் பூசுவதற்கு முன் துருப் போக இரும்பை ஐதரோகுளோரிக் அமிலத்தில் முக்கி எடுக்க வேண்டும். நாள்பட அமிலம் வலுவிழந்து, இரும்புக் குளோரைட்டு நிறைந்த பச்சைத் தண்ணீராகிவிடும். சுண்ணாம்பு போட்டால் அமிலம் முறியும், இரும்பு சேறாக இறங்கும். குளோரைட்டு இறங்காது. கல்சியம் குளோரைட்டாகத் தண்ணீரோடு போகும். கண்ணாடிக் குவளையில் பளிங்கு போலத் தெரியும், வயலுக்கு உப்பு.

நாகம் இன்னும் பொல்லாதது. அது தண்ணீரிலிருந்து பிரிந்து நன்றாகச் சேறாக இறங்குவது பீஎச் (அமில-கார அளவு) 9 ஐத் தாண்டிய பிறகுதான். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு நமது விதி 6 முதல் 8.5 வரை. ஆகவே முதலில் பீஎச்சை ஏற்றி, சேற்றை வடித்து, பிறகு இறக்க வேண்டும். ஒரே தொட்டியில் 8 இல் நிறுத்துகிறவர் பீஎச் விதியையும் காப்பாற்றுவார், மீனுக்கு நாகத்தையும் அனுப்புவார். என் உயர்தர மாணவர்களுக்கே இது ஆய்வுகூடத்தில் ஒரு பாடவேளை.

உருக்குப் பட்டறை:
ரீச்சர் சொல்வது சரி. நான் உருட்டும் பக்கம் நின்றவன், அமிலப் பக்கம் போனதில்லை. பெரிய ஆலைகளில் கழிவு அமிலத்தைச் சூடான உலைக்குள் தெளித்து அமிலத்தைத் திரும்ப எடுப்பார்கள், மிஞ்சும் இரும்பு ஒட்சைட்டை விற்பார்கள். சின்ன ஆலைக்கு அந்தச் செலவு கட்டாது. பவுசரில் ஏற்றி வெளியே அனுப்பலாமே?

வாவிக்கரையான்:
அந்தப் பவுசர் இரவு 2 மணிக்கு எந்தப் பாலத்தடியில் நிற்கிறது என்று யார் பார்ப்பது?

எனக்கு வேறொரு கேள்வி. சட்டத்தில் எல்லாம் லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறது. ஓடும் ஆற்றுக்கு அது பொருந்தும். நமது வாவி கோடையில் ஓடுகிறதா? முகத்துவாரம் மண்மூடிவிட்டால் மாரி வெள்ளம் வரும்வரை உள்ளே போனது உள்ளேதான். நாகம் ஆவியாகிப் போகாது, சேற்றில் படியும். இறால் அந்தச் சேற்றைக் கிளறித்தான் தின்கிறது. அந்த இறாலை நாம் தின்கிறோம்.

கல்முனை ரீச்சர்:
நீங்கள் கேட்டது அரச வர்த்தமானியிலேயே இருக்கிறது. 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. கழிவுநீர் குறைந்தது 8 மடங்கு சுத்தமான தண்ணீரில் கலக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அந்த அளவுகளைப் போட்டிருக்கிறார்கள். கலப்பது 4 மடங்குதான் என்றால் அனுமதியும் பாதியாகக் குறையும். எந்த மாதத்துத் தண்ணீரை வைத்துக் கணக்குப் பார்த்தீர்கள் என்று கூட்டத்தில் கேளுங்கள். மார்கழியில் அளந்தால் யாரும் சித்தியடைவார்கள். ஆவணியில் அளக்கட்டும்.

உருக்குப் பட்டறை:
நியாயமான கேள்வி. ஆனால் இதனால் ஆலையே கூடாது என்று ஆகிவிடாது. நாகம் பூசுவதை விட்டுவிட்டு உருக்கி உருட்டுவதை மட்டும் செய்தால் அமிலமே இல்லை. எங்கள் பிள்ளைகள் கட்டாருக்குப் போகாமல் இங்கேயே வேலை பார்க்கலாம்.

வட்டைக்காரன்:
அப்போதும் பழைய இரும்புக் குவியல் வெளியேதான் கிடக்கும். பழைய பற்றறி, என்ஜின் எண்ணெய் எல்லாம் அதற்குள் இருக்கும். ஐப்பசி முதல் மழையில் அது எங்கே கழுவிப் போகும்? கூரையும் சீமெந்துத் தளமும் மழைநீர்த் தொட்டியும் போடுவார்களா? வரைபடத்தில் இருக்கிறதா?

உருக்குப் பட்டறை:
நான் பார்த்த வரைபடத்தில் இல்லை.

வாவிக்கரையான்:
கூட்டம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு. ரீச்சர், அந்த வர்த்தமானியில் 3 பிரதி எடுத்து வாருங்கள்.

உருக்குப் பட்டறை:
எனக்கும் சேர்த்து 4 எடுங்கள் ரீச்சர். எதிர்ப்பக்கம்தான் உட்காருவேன்.